ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு பெட்டிகள்

1956 ஏப்ரல் 26 அன்று, அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ‘ஐடியல் எக்ஸ்’ என்ற பழைய எண்ணெய்க் கப்பல் 58 அலுமினியப் பெட்டிகளை மேல்தளத்தில் அடுக்கிக்கொண்டு ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. லாரி முதலாளி மால்கம் மெக்லீனின் யோசனை அது. அதே ஆண்டு அக்டோபரில் மினசோட்டா மாநிலத்தின் ஈடைனா என்ற ஊரில் சவுத்டேல் திறக்கப்பட்டது. முழுக்கக் கூரை போட்டு, வெளியே பனி கொட்டினாலும் வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஒரே சீரான இதத்தில் வைத்த முதல் மால் என்று அதைத்தான் சொல்கிறார்கள். கண்டெய்னருக்கும் மாலுக்கும் ஒரே வயது. உலகின் ஒரு மூலையில் செய்த பொம்மை இன்னொரு மூலையின் கண்ணாடி அலமாரிக்கு மலிவாக வந்து சேர்வது முதல் பெட்டியால். அதை வாங்க ஒரு குடும்பம் அரை நாள் சுற்றிக்கொண்டிருப்பது இரண்டாவது பெட்டியால்.

இரண்டும் சென்னைக்கு வந்தன. கண்டெய்னர் வடக்கே தங்கியது. மால் தெற்கேயும் மேற்கேயும் போயிற்று. ராயப்பேட்டையின் எக்ஸ்பிரஸ் அவென்யூ (2010), வேளச்சேரியின் ஃபீனிக்ஸ் (2013), அண்ணா நகரின் வி.ஆர். (2018) என்று பெயர் சொல்லிப் போகலாம். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரமாக நீளும் பட்டையில் அப்படிச் சொல்ல ஒன்றும் கிடைக்காது. பக்கத்தில் இருப்பது பெரம்பூரின் ஸ்பெக்ட்ரம். அதற்கும் ரயில் பாதைகளையும் ஆலைகளையும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

மால் இல்லாதது ஒரு குறையா என்பது வேறு கேள்வி. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாலுக்குப் போகிறவர்கள் அங்கே என்ன தேடிப் போகிறார்கள் என்று பார்த்தால்தான் அதற்குப் பதில் கிடைக்கும். அதை நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் வெளிநாட்டில் பிள்ளை வளர்ப்பவர்கள்.

மாலை வரைந்தவரே அப்படி ஊர் விட்டு ஊர் போனவர்தான். விக்டர் குரூயன் வியன்னாவில் பிறந்த யூதர். 1938இல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும் தப்பித்து அமெரிக்கா போனார். அமெரிக்கப் புறநகரில் அவரை உறுத்தியது, காரை விட்டு இறங்கி நாலு பேரோடு நிற்க ஓர் இடம் இல்லாதது. சவுத்டேலின் நடுவில் அவர் வைத்த முற்றமும் செடிகளும் பெரிய பறவைக் கூண்டும் வியன்னாவின் தெருவைக் கூரைக்குள் கொண்டுவரும் முயற்சி. சுற்றிலும் வீடுகள், பள்ளி, மருத்துவமனை, பூங்கா என்றெல்லாம் வரைபடத்தில் இருந்தன. முதலாளிகள் கடைகளையும் கார் நிறுத்தத்தையும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். கிழவயதில் வியன்னாவுக்குத் திரும்பிவிட்ட குரூயன், 1978இல் லண்டனில் பேசும்போது, உலகமெங்கும் முளைத்த மால்களுக்குத் தான் பொறுப்பில்லை என்று கைகழுவினார். ஊர் ஏக்கத்தில் பிறந்த கட்டடம் என்பதால்தான் ஊர் விட்டுப் போனவர்கள் அதில் சீக்கிரம் பொருந்திக்கொள்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நிரூபிக்க முடியாது.

வளைகுடாவுக்கு வருவோம். துபாயில் அல் குரைர் சென்டர் 1981இலேயே வந்துவிட்டது. தேரா சிட்டி சென்டர் 1995, துபாய் மால் 2008. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அரசே தடை போட்டிருக்கிறது. பெரியவர்களே நிற்கக் கூடாத வெயிலில் குழந்தையை எங்கே விளையாட விடுவது? அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒன்றிரண்டு அறைகள். மாடியேறி வரும் பாட்டி இல்லை, எதிர் வீட்டு வாசல் இல்லை. தத்தித் தத்தி நடக்கிற பிள்ளை ஓடிப் பார்க்க நீளமான, வழவழப்பான, வண்டி வராத தரை வேண்டும். கழிப்பறை, குடிதண்ணீர், பாலூட்ட ஓர் அறை வேண்டும். இவ்வளவும் காசில்லாமல் கிடைக்கும் இடம் அங்கே மால் ஒன்றுதான். வாங்குவதற்காகப் போவதை விட நடப்பதற்காகப் போவது அதிகம். மாலைக்குள் ஒன்றும் வாங்காமல் திரும்பினால் அப்பாவுக்கு நிம்மதி, ஏதாவது ஒன்றோடு திரும்பினால் பிள்ளைக்கு நிம்மதி; அந்தப் பேரத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கழிந்ததாகச் சொல்கிற பெற்றோர் நிறைய. இப்போது அங்கே வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது, பேரம் மாறவில்லை.

ஆனால் இந்தப் படத்தில் எல்லாரும் இல்லை. அமீரகத்தில் குடும்பத்தை வரவழைத்துக்கொள்ள மாதச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டியிருக்க வேண்டும். கட்டட வேலைக்கும் பட்டறை வேலைக்கும் போனவர்களில் பெரும்பாலோர் அந்த வரம்புக்குக் கீழே. அவர்களுடைய பிள்ளைகள் இங்கே வளர்கிறார்கள். சவூதி அரேபியாவின் ரியாத்தில் குடும்பத்தோடு வராத ஆண்களை மால்களில் நுழையவிடாத வழக்கம் பல ஆண்டுகள் இருந்து 2012இல்தான் தளர்ந்தது. அங்கெல்லாம் கைப்பிடித்து வரும் குழந்தைதான் நுழைவுச் சீட்டாக இருந்தது. ஊரில் பிள்ளையை விட்டுவிட்டு வந்த தகப்பன், அந்தப் பிள்ளைக்கு ஒரு பொம்மை வாங்க வாசலில் நின்று காவலாளியோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. வெளிநாட்டு மால் வாழ்க்கை என்று நாம் பேசும்போது இந்த வடிகட்டலையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

மாலுக்குக் குழந்தை எதற்கு வேண்டும் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குப் பழைய பாடம். தனியாக வருகிற ஆள் வேண்டியதை வாங்கிக்கொண்டு போய்விடுவார். குழந்தையோடு வருகிறவர் போக முடியாது: பசிக்கும், கழிப்பறை தேட வேண்டும், ஒரு விளையாட்டு முடிந்தால் இன்னொன்று. சினிமா, சாப்பாட்டுக் கூடம், விளையாட்டுப் பகுதி மூன்றையும் பெரும்பாலான மால்கள் மேல்தளத்தில் வைப்பது இதனால்தான். ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாக் கடை வாசலையும் கடந்தாக வேண்டும். மேலே போகும் எஸ்கலேட்டர் ஒரு பக்கம், அடுத்த தளத்துக்கானது எதிர்ப்பக்கம் இருப்பதும் தற்செயல் அல்ல.

வளைகுடாப் பள்ளிகளுக்கு ஜூலை, ஆகஸ்டில் விடுமுறை. அந்த மாதங்களில் ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் வந்து இறங்கும் பிள்ளைகளை, பாட்டி முதலில் துணி எடுக்கக் கூட்டிப் போகும் இடம் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. சக்கர வண்டியில் வைத்துத் தள்ள வழியில்லை. பிள்ளை இடுப்பில், அல்லது கையில். கடைக்காரர் வயதைக் கேட்பார், கேட்டுவிட்டு நம்பமாட்டார். ஃபிராக்கைப் பிரித்துப் பிள்ளையின் முதுகில் வைத்து அளவு பார்த்து, “அடுத்த வருஷமும் போடலாம்மா” என்று ஒரு அளவு கூட்டித்தான் கொடுப்பார். மாலில் குழந்தை தன் பாட்டுக்குத் திரிகிற ஒரு வாடிக்கையாளர், எம்.சி. ரோட்டில் அது எல்லாரும் தொட்டுப் பார்த்துக் கன்னத்தைக் கிள்ளுகிற ஒரு ஆள். இதை நினைத்து உருகத் தேவையில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் அந்தத் தெருவில் மூன்று வயதுப் பிள்ளையோடு நின்று, அது “ஒண்ணுக்கு வருது” என்று சொல்லக் கேட்டவர்களுக்கு மாலின் அருமை சொல்லாமலே தெரியும்.

வெளிநாட்டை வாங்க வடசென்னை விமானம் ஏற வேண்டியிராத காலமும் ஒன்று இருந்தது. 1962இல் பர்மாவில் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் நிறுவனங்களும் அரசுடைமையாயின. 1964 தொடங்கி இந்தியர்கள் லட்சக்கணக்கில் வெளியேறினார்கள். ரங்கூனில் கடை வைத்திருந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கப்பலில் வந்து இறங்கியது சென்னைத் துறைமுகத்தில். வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் அவர்களுக்குக் குடியிருப்புகள் உருவாயின. 1969இல் துறைமுகத்துக்கு எதிரே, கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய நடைபாதையில் அவர்களுக்கென்று வரிசையாகக் கடைகள் ஒதுக்கப்பட்டன. அதுதான் பர்மா பஜார். இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த அந்த நாட்களில் கப்பல்காரர்கள் கொண்டுவந்த டேப் ரிக்கார்டர், கைக்கடிகாரம், சென்ட், பேட்டரியில் ஓடும் கார் எல்லாம் அங்கே கிடைத்தன. பாதி, சுங்கம் கட்டாத சரக்கு என்பது வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும், அவ்வப்போது வந்து போகும் அதிகாரிக்கும் தெரியும். வெளிநாட்டில் வாழ்க்கையை இழந்து வந்தவர்கள் உள்ளூர்க்காரர்களுக்கு வெளிநாட்டை விற்றார்கள். 1991க்குப் பிறகு இறக்குமதி தாராளமானதும் பஜாரின் மயக்கம் கலைந்தது. கடைகள் இன்னும் இருக்கின்றன, கைபேசிச் சாமான்களோடு. சாயங்காலம் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் சாப்பிட வருகிற கூட்டம் ஒருவேளை இன்று சாமான் வாங்க வருகிற கூட்டத்தை விடப் பெரிதாக இருக்கலாம்.

சாமான் வாங்குவதும் வேடிக்கை பார்ப்பதும் ஒன்றாக அமைந்த இன்னோர் இடம், சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி 1900இல் திறந்த மூர் மார்க்கெட். பொம்மை, பழைய புத்தகம், கிளி, முயல், வண்ண மீன், கிராமபோன் தட்டு என்று ஒரு பிள்ளைக்கு வேண்டிய எல்லாம். பக்கத்திலேயே உயிரியல் பூங்கா. 1861 முதல் அந்த வளாகத்தில்தான் இருந்தது. சற்றுத் தள்ளி மை லேடீஸ் தோட்டம். ராயபுரத்துக் குடும்பம் ஒரு பஸ் பிடித்து வந்து, புலியைப் பார்த்து, பொம்மை வாங்கி, இருட்டுவதற்குள் வீடு சேரலாம். 1985 மே மாதம் மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடத்தில் புறநகர் ரயில் வளாகம் வந்தது. அதே ஆண்டு உயிரியல் பூங்கா நகரின் தெற்கு முனையைத் தாண்டி வண்டலூருக்குப் போய்விட்டது. விலங்குகளுக்கு அது நல்ல முடிவு. அந்தக் குறுகிய கூண்டுகளை யாரும் ஆதரித்துப் பேச முடியாது. ஆனால் வடசென்னைப் பிள்ளையின் பார்வையில், ஓர் ஆண்டுக்குள் பொம்மைக் கடையும் புலியும் போயின. மால் என்பது ‘கடை, வேடிக்கை, தின்பண்டம் மூன்றும் ஒரே நடையில்’ என்றால், வடசென்னைக்கு அது இருந்து பறிபோன ஒன்று. மவுண்ட் ரோட்டில் 1983இல் எரிந்த ஸ்பென்சர் புதிய பெரிய வணிக வளாகமாகத் திரும்பி வந்தது. மூர் மார்க்கெட் திரும்பவில்லை.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று மெதுவாக நடந்தது. சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் கட்டும் வேலை 1870களில் தொடங்கியது. கிழக்குக் கரையில் மணல் ஆண்டு முழுக்கக் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. கடலுக்குள் நீட்டிய அலைதடுப்புச் சுவர் அந்த மணலை நிறுத்திவிட்டது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து அகன்றதுதான் மெரினா. வடக்கே வர வேண்டிய மணல் வராததால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிக் கடல் நிலத்தைத் தின்றுகொண்டே போனது. பல குப்பங்கள் பின்வாங்கின, சில காணாமல் போயின. கருங்கல்லைக் கொட்டி அரண் கட்டினார்கள். பிறகு தூண்டில் வளைவுகள் போட்டார்கள். அவற்றுக்கு இடையே அங்கங்கே கொஞ்சம் மணல் மறுபடி சேர்ந்திருக்கிறது. ஒரே சுவர் தெற்குப் பிள்ளைகளுக்கு நாட்டின் நீளமான விளையாட்டு மணல்களில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, வடக்குப் பிள்ளைகளிடமிருந்து இருந்ததை எடுத்துக்கொண்டது. சென்னைக்கு இலவசமான மாபெரும் மால் மெரினாதான் என்றால், அதற்கான விலையைக் கட்டியது ராயபுரம்.

நாட்டின் முதல் கண்டெய்னர் முனையம் இந்தத் துறைமுகத்தில் 1983 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதன்பின் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை டிரெய்லர் லாரிகளின் சாலையானது. துறைமுக வாசலில் நெரிசல் ஏற்பட்டால் ஜீரோ கேட்டிலிருந்து பல கிலோமீட்டருக்கு வண்டிகள் நின்றதை இப்பகுதிக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். மீனவக் குப்பத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே, கடலுக்கும் ஊருக்கும் நடுவே அந்தச் சாலை ஓடுகிறது. பெட்டிகள் மணலி, மாதவரம் பக்கத்துச் சரக்குக் கிடங்குகளில் பிரியும். இறக்குமதிப் பொம்மைகளில் ஒரு பங்கு சவுகார்பேட்டைக்குத் திரும்பி வந்து காசிச்செட்டித் தெருவில் மொத்த விலைக்கு விற்கும். பொம்மை மீதான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் ஏறிய பிறகு அந்தத் தெருவில் உள்நாட்டுச் சரக்குக்கு இடம் கூடியிருக்கிறது. எப்படியானாலும், வேளச்சேரி மாலில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற பொம்மை ராயபுரத்துப் பிள்ளையின் வீட்டு வழியாகத்தான் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

பொம்மையைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எம்.ஆர்.எஃப். என்று இன்று டயரில் பார்க்கும் பெயர், 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை தொடங்கிய பலூன் தொழிலிலிருந்து வந்தது. குழந்தைகள் ஊதி விளையாடும் பலூன். அதே ரப்பர் பிற்பாடு லாரிச் சக்கரமாயிற்று. இந்தப் பட்டையின் தொழில் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

மாலின் உள்ளே நுழைந்ததும் முகத்தில் அடிக்கிற குளிர்ச்சிக்கும் வடசென்னைக்கும் தொடர்பு உண்டு. அந்தக் குளிருக்கு மின்சாரம் வேண்டும். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் 1,830 மெகாவாட். வல்லூர் 1,500 மெகாவாட். அந்த நிலக்கரியின் சாம்பல் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் படிந்து கிடக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தது. அந்த மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில், கடலடியில் போட்டிருந்த குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் சுற்றுப்புற மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். துபாயில் தாய் பிள்ளையை மாலுக்குள் கூட்டிப் போவது வெளியே இருக்கும் வெயிலுக்குப் பயந்து. எண்ணூர்த் தாய்க்கும் வெளியே இருப்பதைக் கண்டு பயப்படக் காரணம் இருக்கிறது; ஒதுங்க இடம்தான் இல்லை.

2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டது. திருவொற்றியூர் தேரடியில் ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கலாம். எக்ஸ்பிரஸ் அவென்யூ நடக்கும் தொலைவு. அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய். இந்தப் பட்டையின் பிள்ளைகளுக்கு மால் முதன்முதலாக எட்டும் தூரத்துக்கு வந்தது அன்றுதான். ஞாயிறு மாலை தெற்கே போகும் வண்டியில் நல்ல உடுப்பில் குடும்பங்களைப் பார்க்கலாம். பெரும்பாலும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். மாலில் ஒரு ஐஸ்கிரீமும் இரண்டு மணி நேர நடையும், எஸ்கலேட்டரில் நாலைந்து தடவை ஏறி இறங்குவதும்தான் திட்டம். துபாயில் சம்பளம் எண்ணிச் செலவழிக்கும் குடும்பம் செய்வதும் இதையேதான். இரு குடும்பங்களும் கடைக்காரர் எதிர்பார்த்த விதத்தில் மாலைப் பயன்படுத்துவதில்லை. குரூயன் எதிர்பார்த்த விதத்தில் பயன்படுத்துகின்றன.

அப்படியானால் திருவொற்றியூரிலேயே ஒரு மால் வரட்டுமே என்று கேட்கலாம். வர்த்தகக் கணக்கு அதற்கு ஒத்துழைக்காது. மால் கட்டுகிறவர் தன் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, உள்ளே எத்தனை வீடு, என்ன வருமானம் என்று பார்ப்பார். இங்கே வட்டத்தில் பாதி கடல். மீதிப் பாதியின் மேற்கோரம் எண்ணெய்க் கிடங்கும் ஆலைகளும். நடுவில் மிஞ்சும் நெருக்கமான குடியிருப்புகளில் ஆட்கள் உண்டு, கார் குறைவு. மெட்ரோ வந்ததும் இருக்கிற வாடிக்கையாளரும் தெற்கே எளிதாகப் போய்விடுகிறார்.

துறைமுகப் பகுதி என்றாலே இதுதான் விதி என்று சொல்லவும் முடியவில்லை. சிங்கப்பூரில் துறைமுகத்தை ஒட்டிய ஹார்பர்ஃபிரண்டில் 2006இல் திறந்த விவோசிட்டியின் மொட்டைமாடியில் பிள்ளைகள் இறங்கி விளையாடும் ஆழமில்லாத குளம் இருக்கிறது; கட்டணம் இல்லை. 2019இல் அதே மாலுக்குள் அரசு ஒரு பொது நூலகம் திறந்தது, சிறுவர்களுக்கென்று தாராளமாக இடம் ஒதுக்கி. சனிக்கிழமை அங்கே தரையில் உட்கார்ந்து படம் பார்க்கிற பிள்ளைகளில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. அவர்களுடைய பெற்றோர் மாலுக்குப் போனதாகத்தான் ஊருக்குப் போன் பேசும்போது சொல்வார்கள். கடைக்கூட்டத்தின் நடுவே அரசு தன் பங்கைக் கொண்டுபோய் வைத்தது அங்கே நடந்த காரியம். அதற்குக் கட்டட முதலாளியின் மனசு மட்டும் போதாது.

ராயபுரத்தில் ராபின்சன் பூங்கா இருக்கிறது. 1949 செப்டம்பரில் மழையில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த இடம், இப்போது அறிஞர் அண்ணா பூங்கா. பிள்ளைகள் கட்டணமின்றி ஓட இந்தப் பகுதியில் மிச்சமிருக்கும் சில தரைகளில் ஒன்று. 2024 மார்ச்சில் தொடங்கிய வடசென்னை வளர்ச்சித் திட்டத்தில் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் பேசப்படுகிறது. அதில் எத்தனை கட்டடம் எழும்பியது என்பதோடு, கைக்குழந்தையோடு வருகிறவருக்குத் தண்டையார்பேட்டையில் எத்தனை சுத்தமான கழிப்பறை கிடைத்தது, தூண்டில் வளைவுகளுக்கு நடுவே சேர்ந்த மணலுக்கு எக்ஸ்பிரஸ் சாலையைக் கடந்து ஒரு பிள்ளை லாரிக்குப் பயப்படாமல் எத்தனை இடத்தில் போய்ச் சேர முடிகிறது என்பதையும் கணக்குப் புத்தகத்தில் எழுத வேண்டும். விடுமுறைக்கு வரும் துபாய்ப் பேரப்பிள்ளை கேட்கப்போகிற முதல் கேள்வியும் அநேகமாகக் கழிப்பறையைப் பற்றித்தான் இருக்கும்.